கொல்லையில் ஒரு கிராலர் தடம்: வாசகர் கேள்வி பதில்

பாறை, மேடு, பள்ளம் ஆகியவற்றில் நிதானமாக ஏறி இறங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட ரிமோட் கண்ட்ரோல் ட்ரக்குகளை ஆர்வலர்கள் கிராலர் என்று அழைக்கிறார்கள். இவை ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, நான்கு சக்கரங்களும் ஒருசேரச் சுழல, ஒவ்வொரு கல்லாகப் பற்றி ஏறுபவை. இவற்றுக்கு வீட்டின் பின்புறத்திலேயே தடைகள் நிறைந்த தடம் ஒன்றை அமைப்பது குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் 12 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட காலியிடம் இருக்கிறது. என்னிடம் உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கிராலர் உள்ளது. கற்களைக் குவித்து ஓட்டிப் பார்த்தேன். சில குவியல்களில் வண்டி சிரமமே இல்லாமல் ஏறிவிடுகிறது, மற்றவற்றில் எவ்வளவு முயன்றாலும் ஏறுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை அமையவில்லை. நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: வண்டியை அளப்பதிலிருந்து தொடங்குங்கள். கல்லின் உயரத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கு நீங்கள் சொல்லும் இந்த நிலைதான் நேரும். ஒரு தடை கடினமாவதற்கு அதன் உயரத்தைவிட, அது வண்டியின் அளவுகளோடு எப்படிப் பொருந்துகிறது என்பதே முக்கியக் காரணம்.

நான்கு அளவுகள் போதும்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், டயரின் விட்டம், வண்டியின் மொத்த அகலம், வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையிலான உயரம். இந்த அளவுள்ள வண்டிகளில் அச்சுகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் 313 மி.மீ. அல்லது 324 மி.மீ. ஆக இருக்கும், டயரின் விட்டம் 110 முதல் 120 மி.மீ. வரையும், மொத்த அகலம் 230 முதல் 250 மி.மீ. வரையும் வரும். உங்கள் வண்டியை நீங்களே ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. டயரை மாற்றியிருந்தால் பெட்டியில் அச்சிட்ட கணக்குகள் பொருந்தா.

இந்த எண்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று பாருங்கள். டயரின் ஆரம், அதாவது சுமார் 60 மி.மீ. உயரமுள்ள படியை நல்ல பிடிமானமுள்ள வண்டி பெரிய தயக்கமின்றி ஏறிவிடும். படியின் உயரம் டயரின் முழு விட்டத்தை நெருங்கும்போது, முன் சக்கரங்கள் சுவரைப் பற்றி மேலேற, பின் சக்கரங்கள் விடாமல் தள்ளிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. அப்போதுதான் ஓட்டுபவரின் நிதானத்துக்கு வேலை வருகிறது. ஆகவே உங்கள் தடத்தின் பெரும்பாலான படிகளை இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையில், 60 மி.மீ. முதல் 110 மி.மீ. வரை அமைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, வண்டியின் நடுவயிறு கூர்மையான முகட்டில் தட்டி நிற்கும் கோணத்தையும் கணக்கிட்டுவிடலாம். அடிவயிற்று உயரம் 70 மி.மீ., அச்சுகளுக்கு இடையிலான தூரம் 313 மி.மீ. என்றால், அந்தக் கோணம் ஏறத்தாழ 48 டிகிரி. ஒரு முகட்டின் இருபுறச் சரிவுகளும் 20 டிகிரியாக இருந்தால் கூட்டுத்தொகை 40, வண்டி கடந்துவிடும். இரண்டும் 30 டிகிரியானால் கூட்டுத்தொகை 60. நேராகப் போனால் வயிறு தட்டி நிற்கும், கோணலாக ஏறி ஒவ்வொரு சக்கரமாக இறக்கினால் மட்டுமே கடக்கலாம். இப்படி நேராகப் போனால் முடியாததும் யோசித்துப் போனால் முடிவதுமான இடங்களே ஒரு நல்ல தடத்தின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

உங்கள் இடம் சிறியதன்று. நேர்கோட்டில் அமைத்தால் 15 அடி சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். அதையே மூன்று வரிசைகளாக மடித்து, ஒவ்வொன்றையும் இரண்டரை அடி அகலத்தில் அமைத்தால் 40 அடிக்கும் அதிகமான தடம் கிடைக்கும், நீங்கள் நடந்து செல்ல வழியும் மிஞ்சும். அந்த நடைவழியைத் தவறாமல் ஒதுக்குங்கள். சக்கரம் எந்தக் கல்லின் மேல் இருக்கிறது என்பதை ஓட்டுபவர் அருகில் குனிந்து பார்த்தாக வேண்டும்; கவிழ்ந்த வண்டியை எடுக்கப் பாறைகளின் மேல் கால்வைத்துப் போக நேர்ந்தால் தடமும் கலையும், கணுக்காலும் பிசகும். மடிப்புகளில் திரும்புவதற்குப் போதிய இடம் விடுங்கள். பல கிராலர்களில் ஒரே அச்சின் இரு சக்கரங்களும் பூட்டப்பட்டு ஒன்றாகவே சுழல்வதால், அவற்றின் திரும்பு வட்டம் எதிர்பார்ப்பதைவிடப் பெரியதாக இருக்கும். சமதரையில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஒரு வட்டம் ஓட்டி, அதன் குறுக்களவை அளந்துகொண்டு, மடிப்புகளை அதற்கேற்ப வரையுங்கள்.

கல் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. மழை பெய்யும்போது அந்த இடத்தில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனியுங்கள். நீரோட்டத்தின் குறுக்கே மண்மேடு எழுப்பினால் முதல் பெருமழையிலேயே அது கரைந்துவிடும். வீட்டுச் சுவரை ஒட்டி மேடு எழுப்பினால் ஈரம் சுவருக்குள் இறங்கும். மேடுகளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி நிலத்தைச் சரித்துவிடுங்கள்.

கேள்வி: எந்த வகைக் கற்கள் ஏற்றவை? சிமென்ட் பூசி நிலையாகக் கட்டிவிடலாமா, அல்லது அப்படியே அடுக்கி வைக்கலாமா?

பதில்: மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் உடைகற்களும் மணற்கற்களும் ஏறுதடத்துக்கு மிகவும் ஏற்றவை. ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்கள் டயருக்குப் பிடி கொடுப்பதில்லை. அவற்றை ஒரு பள்ளத்தில் இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குக் கொட்டிவைத்தால், சக்கரத்துக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தனி வகைத் தடை கிடைக்கும். ஏறுதடம் ஒன்று, நகரும் தளம் ஒன்று என இரண்டையும் அடுத்தடுத்து வைப்பது எனக்குப் பிடித்த அமைப்பு. ஏனெனில் முன்னதில் கற்ற நிதானம் பின்னதில் அப்படியே செல்லுபடியாவதில்லை.

கல்லின் எடையைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.65 மடங்கு. பக்கத்துக்கு 20 செ.மீ. உள்ள கனசதுரக் கல்லே 21 கிலோ இருக்கும்; பக்கத்துக்கு 30 செ.மீ. என்றால் 70 கிலோவைத் தாண்டிவிடும். இத்தகைய கற்களைத் தூக்காமல், கடப்பாரையால் நெம்பிப் பலகையின் மேல் உருட்டி நகர்த்துங்கள், இருவராகச் செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு வண்டிக்கு 30 செ.மீ. கல் என்பது உண்மையான வண்டிக்கு 3 மீட்டர் பாறைக்குச் சமம் என்பதால், அதைவிடப் பெரிய கற்கள் ஓரிரண்டுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

ஒவ்வொரு பெரிய கல்லையும் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து, சுற்றிலும் சரளையும் மண்ணும் இட்டுக் கெட்டியாக இடித்துவிடுங்கள். அதன் மேல் நீங்கள் ஏறி நின்று உடம்பை அசைத்தாலும் கல் ஆடக்கூடாது. வண்டியின் எடை இரண்டு மூன்று கிலோதான் என்றாலும், தடத்தின் மேல் குழந்தைகள் ஏறுவதை யாராலும் தடுக்க முடியாது. ஆடும் கல்லின் அடியில் விரல் சிக்கினால் எலும்பே நொறுங்கலாம். ஆகவே கல்லின் மேல் கல் அடுக்குவதாக இருந்தால், அந்த இணைப்பைச் சாந்தால் கட்டாயம் பிணைத்துவிடுங்கள்.

மற்றபடி, முழுத் தடத்தையும் சிமென்டால் கட்டிவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமைத்த சில வாரங்களிலேயே ஒவ்வொரு கல்லிலும் எந்த வழியாக ஏறினால் எளிது என்பது மனப்பாடமாகிவிடும்; அதன்பின் சுவை குன்றிவிடும். தடத்தின் முதுகெலும்பாக நிற்கும் பெரிய பாறைக்குவியல் ஒன்றை மட்டும் நிலையாகக் கட்டிக்கொண்டு, இரு கைகளால் எளிதில் தூக்கக்கூடிய சிறு கற்களை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். ஒரே ஒரு கல்லை நான்கு விரற்கடை நகர்த்தினால்கூட, முன்பு இடது சக்கரம் பற்றிய இடத்தில் இப்போது எதுவும் இல்லாமல் போய், முழு ஏற்றத்தையும் புதிதாக யோசிக்க வேண்டி வரும்.

சாந்து பூசும் இடங்களில் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு மணல் என்ற கலவை போதும். கரணையால் வழவழப்பாகத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த சிமென்ட் தளத்தில் சிறிது தூசி படிந்தாலும் டயர் வழுக்கும். பூச்சு இறுகத் தொடங்கும்போது துடைப்பத்தால் ஏற்றத்துக்குக் குறுக்காகக் கீறிவிட்டால் நல்ல பிடிமானம் கிடைக்கும். பின்னர் 7 நாள்களாவது தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருந்து, அதுவரை அதன் மேல் ஏறாமல் இருங்கள். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும் தன்மையுடையது; கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கேள்வி: பக்கவாட்டுச் சரிவில் போகும்போது என் வண்டி ஒவ்வொரு முறையும் கவிழ்ந்துவிடுகிறது. சரிவைக் குறைப்பதா, வண்டியை மாற்றுவதா?

பதில்: முதலில் சரிவு எத்தனை டிகிரி என்று அளந்துவிடுங்கள். கண்ணளவில் 45 டிகிரி என்று தோன்றுவது, அளந்தால் பெரும்பாலும் 30 டிகிரியாக இருக்கும். கிடைமட்டமாக 100 செ.மீ. போகையில் 58 செ.மீ. உயர்ந்தால் அது 30 டிகிரி, 70 செ.மீ. உயர்ந்தால் 35, 100 செ.மீ. உயர்ந்தால்தான் 45. ரசமட்டம் ஒன்றும் அளவுநாடா ஒன்றும் இதற்குப் போதும்.

வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: இடது, வலது டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி, தரையிலிருந்து எடைமையத்தின் உயரம். பாதித் தூரம் 95 மி.மீ., எடைமையம் 90 மி.மீ. உயரத்தில் என்றால், கணக்குப்படி 46 டிகிரிக்குச் சற்றுமேல்தான் அது கவிழ வேண்டும். ஆனால் சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, டயரும் நசுங்குகிறது, எடை கீழ்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதனால் நடைமுறையில் 35 டிகிரியிலேயே தள்ளாடத் தொடங்கும். எடைமையத்தை 20 மி.மீ. தாழ்த்தி 70 மி.மீ.க்குக் கொண்டுவந்தால், கணக்குக் கோணம் ஏறத்தாழ 54 டிகிரியாக உயர்கிறது. பேட்டரியைத் தாழ்வாகவும் முன்புறமாகவும் பொருத்துவது, கூரைமேல் வைத்த அலங்காரப் பெட்டிகளை நீக்குவது, சக்கரங்களுக்குள் எடை சேர்ப்பது ஆகிய மூன்றும் இதைச் செய்யும். சக்கரத்தில் சேர்க்கும் எடையை முன்பக்கத்தில் கூடுதலாக வையுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்புறமாகப் புரளாமல் இருக்கவும் அது உதவும்.

தடத்தைப் பொறுத்தவரை, 25 டிகிரியில் தொடங்கி ஒரே நீட்டத்தில் படிப்படியாக 35 டிகிரி வரை சாயும் பக்கச்சரிவை அமையுங்கள். மேலே போகப்போகக் கடினமாகும் என்பதால், எவ்வளவு உயரத்தில் கோடு பிடித்துக் கடக்கலாம் என்பதை ஓட்டுபவரே தேர்ந்தெடுப்பார். சரிவின் கீழே கூரான கற்களை வைக்காமல் மண்ணை மட்டும் விட்டுவைத்தால், கவிழ்ந்த வண்டியின் மேற்கூடு உடையாது.

கேள்வி: பழைய மரச்சட்டங்கள் நிறைய இருக்கின்றன. பாலம் கட்டப் பயன்படுத்தலாமா? எவ்வளவு அகலம் வேண்டும்?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பச்சை நிறம் ஏறிய, பூச்சிமருந்து ஊட்டப்பட்ட பழைய மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அவ்வகை மரங்களில் சிலவற்றில் ஆர்செனிக் கலந்திருக்கும் என்பதால், அறுக்கும்போது எழும் தூள் கேடு விளைவிக்கும்.

முதல் பாலத்தை வண்டியின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 36 செ.மீ. அகலத்தில் கட்டுங்கள். பழகியபின் நடுப்பலகைகளை எடுத்துவிட்டு, இரு சக்கரங்களுக்கும் தனித்தனியாக இரண்டு சட்டங்கள் மட்டும் ஓடும்படி மாற்றினால் தடையின் கடினம் பலமடங்காகும். குறுக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பதாக இருந்தால், இடைவெளியின் அளவுதான் சக்கரம் எவ்வளவு இறங்கும் என்பதை முடிவு செய்யும். 120 மி.மீ. டயர் 60 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. மட்டுமே இறங்கும், இடைவெளி 100 மி.மீ. ஆனால் 27 மி.மீ. வரை இறங்கி, அடுத்த சட்டத்தில் மோதி நிற்கும். ஆணிகளை விட ஸ்க்ரூக்களே நல்லவை. மழையிலும் வெயிலிலும் மரம் விரிந்து சுருங்கும்போது ஆணி மேலெழும்பி டயரைக் கிழித்துவிடும். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயரமுள்ள பாலத்தின் அடியில் வலையோ பழைய பஞ்சுமெத்தைத் துண்டோ இருக்கட்டும்.

நடுவில் அச்சு வைத்துச் சாயும் ஏற்றப்பலகையையும் முயன்று பாருங்கள். வண்டி நடுப்புள்ளியைத் தாண்டும் கணத்தில் பலகை மறுபக்கம் விழும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவரே கவிழாமல் இறங்குவார்.

கேள்வி: தடத்தில் ஒரு நீரோடை அமைக்க விரும்புகிறேன். வண்டி நீர்புகாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது.

பதில்: நீர்புகாமை பெரும்பாலும் மின்கருவிகளுக்கு மட்டுமே பொருந்தும். பேரிங்குகளும் அச்சுக்குள் இருக்கும் கியர்களும் தண்ணீரும் நுண்மணலும் சேர்ந்தால் துருப்பிடித்துத் தேய்ந்துவிடும், மோட்டாரும் அப்படியே. எனவே ஓடையின் ஆழம் சக்கரத்தின் மையத்துக்குக் கீழேயே, அதாவது 4 முதல் 5 செ.மீ. வரை இருக்கட்டும். அடியில் சரளை பரப்பினால் சேறு கிளம்பாது. வடிகால் துளை ஒன்று வைத்து, ஓட்டி முடித்ததும் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள். கொசு முட்டையிட்டு முழு வளர்ச்சி அடைய ஒரு வாரமளவே போதும் என்பதால், தேங்கிய நீரைக் கொல்லையில் விட்டுவைப்பது வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் செய்யும் தீங்கு. தடைகளாகப் பழைய டயர்களைப் புதைப்பவர்கள் அவற்றின் உட்குழியை மண்ணால் முழுக்க நிரப்பிவிட வேண்டியதும் இதனால்தான்.

கேள்வி: என் எட்டு வயது மகளிடம் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவுள்ள சிறிய கிராலர் இருக்கிறது. ஒரே தடத்தில் இருவரும் ஓட்ட முடியுமா?

பதில்: ஒரே தடைகளில் முடியாது, ஒரே தடத்தில் முடியும். அந்தச் சிறு வண்டியின் டயர் விட்டம் சுமார் 50 மி.மீ. தான். உங்கள் வண்டி மிதித்துச் செல்லும் சரளைத் துண்டு அவளுடைய வண்டிக்குப் பெரும்பாறை. எனவே உங்கள் பெரிய கற்களின் அடிவாரத்தை ஒட்டி, ஒரு சாண் அகலத்தில், கைப்பிடியளவு கற்களைக் கொண்டு தனிவழி ஒன்றை அமைத்துக் கொடுங்கள். அந்த வழியை அவளையே அமைக்கச் சொல்வது இன்னும் சிறப்பு. எந்தக் கல்லை எங்கே வைத்தால் சக்கரம் சிக்கும் என்று தானே வைத்துப் பார்க்கும் குழந்தை, ஓட்டவும் விரைவில் தேர்ச்சி பெறும். இரு வண்டிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் இயங்குபவையாக இருந்தால், ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் குறுக்கிடும் என்ற கவலை வேண்டாம்.

கேள்வி: நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போட்டி நடத்த எண்ணுகிறோம். வேகத்தை அளந்தால் எல்லோரும் அவசரப்பட்டு வண்டியை உடைக்கிறார்கள். வேறு என்ன முறை உண்டு?

பதில்: கிராலர் போட்டிகளில் நெடுங்காலமாக வழக்கில் இருப்பது வாயில் முறை. இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றுக்கு இடையே வண்டி குச்சியைத் தொடாமல் கடக்க வேண்டும் என்று வைப்பார்கள். தவறுகளுக்குப் புள்ளிகள் கூடும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். உங்கள் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது இது: பின்னோக்கி எடுத்தால் 1 புள்ளி, குச்சியைத் தொட்டால் 10, கவிழ்ந்து கையால் நிமிர்த்தினால் 10, வாயிலைக் கடக்காமல் விட்டால் 20. பின்னோக்கி எடுப்பதற்குச் சிறிய தண்டனை வைப்பதன் பயன் பெரியது. அது இருந்தால்தான் ஏறுவதற்கு முன்பே நின்று வழியை யோசிப்பார்கள். நேரத்தை அறவே விட்டுவிடாமல், ஒரு சுற்றுக்கு 6 நிமிடம் போன்ற மேல்வரம்பு மட்டும் வையுங்கள். அதற்குள் விரைந்து முடிப்பதற்குக் கூடுதல் மதிப்பு தர வேண்டாம்.

வாயிலின் அகலம் வண்டியின் அகலத்தைவிட ஒரு கையகலம் கூடுதலாக இருந்தால் போதும். எளிய இடத்தில் குறுகிய வாயிலும், கடினமான ஏற்றத்தில் அகன்ற வாயிலும் வைப்பது நியாயமானது. ஒவ்வொரு வாயிலுக்கும் குறைந்தது இரண்டு வழிகள் இருக்கும்படி பாருங்கள்: ஒன்று குறுகிய தூரம், ஆனால் கவிழும் ஆபத்து மிக்கது, மற்றது சுற்றுவழி, ஆனால் ஒருமுறை பின்னோக்கி எடுக்க வேண்டியது. எதைத் தேர்வது என்று ஓட்டுபவர் தடுமாறும் இடத்தில்தான் போட்டி உண்மையில் நடக்கிறது.

நடுவர் ஒருவர் வண்டிக்கு அருகிலேயே நடந்து வந்து புள்ளிகளை உரக்கச் சொல்லட்டும். ஒருவர் ஓட்டும்போது கல் நகர்ந்துவிட்டால், அடுத்தவருக்கு முன் அதைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும்; இதற்காக, நகரக்கூடிய கற்களின் விளிம்பைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறிது நேரம் ஓட்டியதும் மோட்டார் கொதிக்கும் அளவுக்குச் சூடாகிவிடுகிறது. தடம் கடினமாக இருப்பது காரணமா?

பதில்: தடமும் ஒரு காரணம், ஓட்டும் முறை மற்றொன்று. சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி நிற்கும்போது விசையை அழுத்திக்கொண்டே இருந்தால், சுழலாத மோட்டாருக்குள் மின்னோட்டம் மிகுதியாகப் பாய்ந்து முழுவதும் வெப்பமாகிவிடும். வண்டி இரண்டு நொடிக்கு மேல் நகராவிட்டால் விசையை விட்டு, வழியை மாற்றுங்கள். சாதாரண பிரஷ் மோட்டாராக (கரித்துண்டுகள் வழியே மின்சாரம் பெறும் வகை) இருந்தால் உள்ளே கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை கூடிய மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதும், சிறிய பினியன் கியரை, அதாவது மோட்டாரின் தண்டில் மாட்டும் பற்சக்கரத்தை, பொருத்துவதும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும், சூடும் குறையும். தொடர்ந்து ஏற்றங்களே வரும்படி தடம் அமைந்திருந்தால், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் பின் ஒரு மீட்டராவது சமதரை விடுங்கள். பேட்டரி லிப்போ (லித்தியம் பாலிமர்) வகை என்றால், ஒரு செல்லின் மின்னழுத்தம் சுமையின்போது 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் முன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அது ஆறிய பிறகே, அருகில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள்.